அம்மா வேலைக்குப் போனாலும் தாய்ப்பால்

வளர்கல்வி மையக் கூட்டம் ஒன்றுக்கான உரை



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றி. எல்லோரும் பார்த்த பொருள்தான். மருந்துக் கடையில் இருக்கும். பேருந்து நிலையக் கடையிலும் தொங்கும். அதுதான் பால் புட்டி. பால் பாட்டில் என்றும் சொல்கிறோம்.

கைக்குழந்தை உள்ள தாய் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறார். உடனே வீட்டில் இந்தப் பேச்சு வரும். "ஒரு புட்டி வாங்கிப் பழக்கிவிடு. நீ போன பிறகு பிள்ளை என்ன குடிக்கும்?"

இது நியாயமான கேள்விதான். வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? வீட்டு வாடகையை யார் கொடுப்பது? "வேலையை விட்டுவிடு, பிள்ளையைப் பார்த்துக் கொள்" என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்கிறவர்கள் அரிசி வாங்கித் தரப் போவதில்லை. ஆகவே தாய் வேலைக்குப் போகத்தான் வேண்டும். குழந்தையும் குடிக்கத்தான் வேண்டும். அதற்குப் புட்டி ஒன்றுதான் வழியா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படி ஒரு தாயை எடுத்துக் கொள்வோம். வயது 23. முதல் குழந்தை. பெண் குழந்தை. அவருக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு கிடைத்தது.

26 வாரம் என்றால் 6 மாதம் ஆயிற்றே என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். அவரும் எடுத்தார். கால் வீங்கிவிட்டது. நாள் முழுக்க தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. 26 வாரத்தில் 8 வாரம் போனால் மிச்சம் 18 வாரம். குழந்தைக்கு 4 மாதம் முடிந்தது. விடுப்பும் முடிந்தது.

குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர் கூட வேண்டாம். இது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இந்திய அரசின் சுகாதாரத் துறை சொல்வதும் இதுதான். அந்தத் தாய்க்கும் இது தெரியும். மருத்துவமனைச் சுவரில் எழுதியிருந்ததை அவர் படித்திருந்தார். 4 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் நடுவே உள்ள அந்த 2 மாதத்தை எப்படிக் கடப்பது? அதைச் சுவரில் யாரும் எழுதவில்லை.

வேலைக்குப் போக இன்னும் 10 நாள் இருந்தது. மாமியார் கடைக்குப் போய் ஒரு புட்டி வாங்கி வந்தார். ரப்பர் காம்பைக் குழந்தையின் வாயில் வைத்தார். குழந்தை நாக்கால் வெளியே தள்ளியது. தலையைத் திருப்பிக் கொண்டது. வீறிட்டு அழுதது.

"வாயே திறக்க மாட்டேங்குது அத்தை."

"பசி வந்தால் தானாகக் குடிக்கும். நீ கொஞ்ச நேரம் பால் கொடுக்காமல் இரும்மா."

அரை நாள் அப்படியே போனது. தாயின் மார்பில் பால் கட்டிக் கொண்டது. தொட்டால் வலித்தது. குழந்தை அழுது அழுது தூங்கிப் போனது. எழுந்து மறுபடியும் அழுதது. தாயும் அழுதார். கடைசியில் மாமியாருக்கே மனம் கேட்கவில்லை. "எடுத்துப் பால் கொடும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்து கொண்டார்.

அந்த மாமியார் கெட்டவர் இல்லை. பேத்தி பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் அவர் புட்டி வாங்கினார். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

குழந்தை ஏன் புட்டியைத் தள்ளியது? அது பிடிவாதம் இல்லை. மார்பில் பால் குடிப்பது ஒரு வேலை. குழந்தை வாயை அகலமாகத் திறக்க வேண்டும். காம்பை மட்டும் பிடித்தால் பால் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாக்கையும் தாடையையும் அசைத்து இழுக்க வேண்டும். குழந்தை இதைக் கற்றுக் கொண்டு 4 மாதம் ஆகிறது. ரப்பர் காம்பு சின்னது. அதன் வாசனை வேறு. அதைக் குடிக்கும் விதமும் வேறு. பழக்கம் இல்லாத பொருளைக் குழந்தை தள்ளுகிறது.

சில குழந்தைகள் நேர் எதிராகச் செய்யும். புட்டியை உடனே பிடித்துக் கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சங்கடம் பிறகுதான் வரும். புட்டியில் பால் தானாக ஒழுகும். உழைக்காமல் கிடைக்கும். அந்தச் சுகம் பழகினால் சில குழந்தைகளுக்கு மார்பில் குடிக்கப் பொறுமை இருக்காது. இரண்டு முறை இழுத்துவிட்டு அழும். "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று தாய் நினைப்பார். அப்போது வற்றியிருக்காது. ஆனால் குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இறைக்கிற கிணறு ஊறும் என்று சொல்வது இதற்கும் பொருந்தும். குடிப்பது குறைந்தால் ஊறுவதும் குறையும். அப்புறம் உண்மையாகவே வற்றும்.

புட்டியில் இன்னொரு பெரிய தொல்லை உண்டு. அதைச் சுத்தம் செய்வது கடினம். ரப்பர் காம்பின் உள்பக்கம் விரல் போகாது. புட்டியின் கழுத்தில் பால் ஒட்டிக் கொள்ளும். அந்தப் பாலில் கிருமிகள் பெருகும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். தண்ணீருக்குக் குழாயடியில் வரிசை நிற்கும் வீட்டில், ஒரு நாளைக்கு ஆறு முறை புட்டியைக் கொதிக்க வைக்க முடியுமா? எரிவாயுவுக்கு யார் பணம் கொடுப்பது?

புட்டிக்குள் ஊற்றும் மாவுப் பாலும் விலை அதிகம். மாதக் கடைசியில் மாவு குறையும். வீட்டில் தண்ணீரைக் கூட்டுவார்கள். குழந்தையின் வயிறு நிறையும். உடம்பு வளராது.

இதெல்லாம் புதிய செய்தி இல்லை. இதற்காகவே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பால் புட்டிக்கும், குழந்தைகளுக்கான மாவுப் பாலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மார்களுக்கு அவற்றை இலவசமாகக் கொடுத்துப் பழக்கக் கூடாது. புட்டியை விற்கத் தடை இல்லை. வாங்கச் சொல்லித் தூண்டத்தான் தடை. ஒரு சின்னப் புட்டிக்காக நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

புட்டி வேண்டாம் என்றால் வேறு என்ன? அந்தப் பொருள் நம் பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கிறது. பாலாடை! ஒரு பக்கம் மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். சில ஊர்களில் சங்கு என்பார்கள். கர்நாடகத்தில் அதற்கு ஒளலே என்று பெயர். ஆந்திரத்தில் உக்கு கின்னெ. வங்காளத்தில் ஜினுக். ஜினுக் என்றால் சிப்பி என்று பொருள். இந்தியாவில் பல மாநிலத்துப் பாட்டிகள் ஒரே பொருளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் பெரிய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையில் பால் கொடுக்கிறார்கள். மூடி இல்லை. ரப்பர் இல்லை. விரல் போகாத மூலை இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் போதும். பாலாடை இல்லாத வீட்டில் சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும்.

பெங்களூர்த் தாயின் தெருவுக்கு ஆஷா பணியாளர் ஒருவர் வருவார். குழந்தையின் அழுகை கேட்டு அவர் உள்ளே வந்தார். புட்டியைப் பார்த்தார். திட்டவில்லை. "தாய்ப்பாலையே பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமே" என்றார். மாமியார் முகம் சுளித்தார். "பீய்ச்சி வைப்பதா? அதற்கு இவள் என்ன மாடா?" என்று கேட்டார்.

கேட்டது கோபத்தில்தான். ஆனால் பலர் மனத்திலும் இந்த எண்ணம் இருக்கிறது. பீய்ச்சிய பால் கெட்டது, தீட்டானது, கண் பட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். மும்பையில் சயான் என்ற பகுதி உண்டு. அங்கே லோகமான்ய திலகர் மருத்துவமனை இருக்கிறது. 1989-இல் அங்கே ஒரு தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி அதுதான். தாய்மார்கள் பீய்ச்சிக் கொடுத்த பாலை அங்கே பக்குவம் செய்து வைக்கிறார்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையையே காப்பாற்றும் பால், சொந்தப் பிள்ளைக்கு ஆகாமல் போகுமா?

ஆஷா பணியாளர் பாலைப் பீய்ச்சும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அது இப்படி.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய் அகன்ற பாத்திரம் ஒன்று வேண்டும். அதையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பின் மேல் சிறிது நேரம் வைக்கலாம். மெதுவாக நீவிவிடலாம். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டாலும் பால் சுரக்கும். குழந்தையை நினைத்தாலே சிலருக்குச் சுரக்கும்.

கருவட்டத்தின் ஓரத்தில் மேலே கட்டை விரலை வைக்க வேண்டும். கீழே ஆட்காட்டி விரலை வைக்க வேண்டும். முதலில் விரல்களை நெஞ்சு எலும்பை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும். பிறகு இரண்டு விரல்களையும் சேர்த்து அமுக்க வேண்டும். பிறகு விட வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. மறுபடியும் அப்படியே. காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வலிதான் வரும், பால் வராது. விரலைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் 5 நிமிடம், மறுபக்கம் 5 நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். மொத்தம் 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

முதல் நாள் சில சொட்டுத்தான் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தாய்க்கு முதல் நாள் பாத்திரத்தின் அடி நனைந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் கால் டம்ளர் வந்தது. ஒரு வாரத்தில் அரை டம்ளருக்கு மேல் வந்தது. விடியற்காலையில் பால் அதிகம் இருக்கும். அப்போது ஒரு பக்கம் குழந்தை குடிக்கட்டும். மறுபக்கம் பீய்ச்சிக் கொள்ளலாம்.

4 மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 100 மில்லி பால் போதும். சின்னக் காபி டம்ளர் அளவு. ஒரு வேளை கூடும், ஒரு வேளை குறையும். பெரியவர்களும் அப்படித்தானே சாப்பிடுகிறார்கள்?

பாலின் நிறத்தைப் பார்த்து மாமியாருக்குச் சந்தேகம். "இது என்ன, தண்ணீராக நீலம் பாரித்து இருக்கு?" தாய்ப்பால் அப்படித்தான் இருக்கும். மாட்டுப் பால் போல வெள்ளையாக, கெட்டியாக இருக்காது. சிறிது நேரம் வைத்தால் ஆடை போல ஒரு பகுதி மேலே வரும். அது கெட்டுப் போனதன் அடையாளம் இல்லை. அது கொழுப்பு. பாத்திரத்தை மெல்ல ஆட்டினால் கலந்துவிடும்.

பீய்ச்சிய பாலை மூடி வைக்க வேண்டும். வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் வேண்டாம். வெயில் விழும் சன்னல் பக்கம் வேண்டாம். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பால் பாத்திரத்தை வைத்தால் எறும்பும் ஏறாது. இப்படி 4 மணி நேரம் வரை வைக்கலாம். கடும் கோடையில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் ஒரு நாள் வைக்கலாம். கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் பெட்டியை நம்ப முடியாது. அங்கே 4 மணி நேரக் கணக்கையே வைத்துக் கொள்வது நல்லது.

தாய்ப்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. குளிர்ந்திருந்தால் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பால் பாத்திரத்தைச் சிறிது நேரம் வைத்தால் போதும். குழந்தை குடித்து மிஞ்சிய பாலை மறுவேளைக்கு வைக்கக் கூடாது. அதனால்தான் ஒரே பாத்திரத்தில் நிறைய வைக்காமல், வேளைக்கு ஒரு சின்னப் பாத்திரமாக வைக்க வேண்டும்.

இனிக் குழந்தைக்குக் கொடுக்கும் முறை. இதைப் பாட்டிமார்களும் அப்பாக்களும் கவனமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

குழந்தை நன்றாக விழித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கொடுக்கக் கூடாது. படுக்க வைத்தும் கொடுக்கக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு கையால் முதுகையும் கழுத்தையும் தாங்க வேண்டும். கையை வீசித் தட்டிவிடாமல் இருக்க ஒரு துணியைச் சுற்றிக் கொள்ளலாம். டம்ளரின் விளிம்பைக் கீழ் உதட்டின் மேல் வைக்க வேண்டும். பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. ஊற்றினால் புரை ஏறும். குழந்தை தானாக நாக்கை நீட்டும். நக்கும். பிறகு உறிஞ்சும். நடுவில் நிறுத்தி மூச்சு விடும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

பாலாடை என்றால் அதன் மூக்கை வாயின் ஓரத்தில் வைக்க வேண்டும். சிறிது சாய்க்க வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, மருந்து புகட்டுவது போல ஊற்றும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது ஆபத்து. பாலாடையிலும் அந்தத் தவறு நடக்கலாம். குழந்தை வாயை மூடிக் கொண்டால் போதும் என்று அர்த்தம்.

பாதி பால் துணியில் சிந்தும். முதல் சில நாள் அப்படித்தான். அதற்காக மனம் தளர வேண்டாம்.

பழக்குவதற்கு ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். வேலைக்குப் போகும் அன்று காலையில் தொடங்கக் கூடாது. கடும் பசியில் குழந்தை அழும்போதும் தொடங்கக் கூடாது. பசியில் இருக்கும் குழந்தைக்குப் புதுப் பாடம் ஏறாது. கொஞ்சம் குடித்து, சிரித்து விளையாடும் நேரத்தில் தொடங்கலாம். முதலில் இரண்டு மூன்று வாய் போதும். கொடுப்பவர் தாயாக இல்லாமல் இருந்தால் நல்லது. தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை மார்பைத் தேடும். அதனால் அந்த நேரத்தில் தாய் கடைக்குப் போய் வரலாம். பட்டினி போட்டு மட்டும் பழக்க வேண்டாம்.

பெங்களூர்ப் பேத்திக்கு அந்த மாமியார்தான் கொடுத்தார். முதல் நாள் சேலையெல்லாம் பால். மூன்றாம் நாள் குழந்தை டம்ளரைப் பார்த்ததும் நாக்கை நீட்டியது. "பூனைக்குட்டி மாதிரி நக்குறா பாரு" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கேலி செய்தவரே கொடுக்கும் முறையைத் தெருவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்!

வேலைக்குப் போனதும் அவர்கள் நாளை இப்படிப் பிரித்துக் கொண்டார்கள். காலை 8 மணிக்குத் தாய் பால் பீய்ச்சி வைப்பார். கிளம்பும் முன் 8.30-க்குக் குழந்தைக்கு மார்பில் கொடுப்பார். 11 மணிக்குப் பாட்டி டம்ளரில் கொடுப்பார். தொழிற்சாலை 15 நிமிட நடை தூரம். பகல் 12.45-க்குப் பாட்டி குழந்தையைத் தூக்கிக் கொண்டு அங்கே போவார். சாப்பாட்டு இடைவேளையில் தாய் ஒரு பக்கம் பால் கொடுப்பார். மறுபக்கம் பீய்ச்சிப் பாத்திரத்தில் கொடுத்து அனுப்புவார். அந்தப் பால் மாலை 4 மணிக்கு. 6 மணிக்குத் தாய் வீட்டில் இருப்பார். எந்தப் பாலும் 4 மணி நேரத்தைத் தாண்டவில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான். தாய் ஒரு கையால் சாப்பிட்டார். அது கஷ்டம்தான். கஷ்டம் இல்லை என்று சொன்னால் பொய்.

வீடு தூரமாக இருந்தால்? அப்போதும் தாய் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் கட்டிக் கொள்ளும். காய்ச்சல் வரும். ஊறுவதும் குறையும். வைத்துக் கொள்ள வசதி இல்லை என்றால் அந்தப் பாலைக் கொட்டிவிட நேரும். மனம் வலிக்கும். ஆனால் அப்படி எடுத்தால்தான் இரவில் குழந்தைக்குப் பால் இருக்கும். வீட்டுக்கு வந்ததும், இரவிலும், விடுமுறை நாளிலும் மார்பிலேயே கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, இரவில் நிறையக் குடிக்கும். தாய்க்குத் தூக்கம் கெடும். குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

வயலில் வேலை செய்யும் பெண்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெயிலில் நின்றால் மார்பில் பால் சூடேறிக் கெட்டுவிடும் என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அது தேவை இல்லை. மார்புக்குள் பால் கெடாது. தண்ணீர் குடித்து, கையையும் மார்பையும் கழுவிவிட்டு உடனே கொடுக்கலாம்.

பால் போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு 6 முறைக்குக் குறையாமல் குழந்தை சிறுநீர் கழித்தால் போதுகிறது என்று அர்த்தம். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்க்க வேண்டும். எடை ஏறவில்லை என்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் உண்மையாகவே போதாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு என்ன பால், எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும். அதையும் டம்ளரிலேயே கொடுக்கலாம்.

சில வீடுகளில் புட்டி ஏற்கெனவே வந்துவிட்டது. குழந்தையும் பழகிவிட்டது. அந்தத் தாயைக் குற்றவாளி போலப் பார்க்க வேண்டாம். நாளைக்கு ஒரு வேளை டம்ளரில் முயன்று பார்க்கலாம். பிறகு இரண்டு வேளை. மாறும்வரை ஒவ்வொரு முறையும் புட்டியையும் காம்பையும் தனித்தனியாகக் கழற்றி, பிரஷ் போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்து, புட்டியைத் தலையணையில் சாய்த்துவிட்டு வேலை பார்க்கப் போகக் கூடாது. சர்க்கரை சேர்க்கக் கூடாது.

கடைசியாக முதலாளி செய்ய வேண்டியது. இதுவரை சொன்னது எல்லாம் தாயும் பாட்டியும் படும் பாடு. அவர்கள் மட்டும்தான் பாடுபட வேண்டுமா? இந்தியாவில் பேறுகால நலச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் அதைத் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். தாய் ஒரு நாளைக்கு 4 முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும். இது சாப்பாட்டு இடைவேளை போக. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் இருக்கின்றன.

வீட்டு வேலை செய்பவர்களுக்கும், நாள் கூலிக்குப் போகிறவர்களுக்கும் இந்த விடுப்பு எட்டவில்லை. அவர்கள்தான் நம் நாட்டில் அதிகம். இது பெரிய குறை. 1969-இல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டட வேலை நடந்தது. கல் சுமக்கும் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடந்தன. மீரா மகாதேவன் என்பவர் அதைப் பார்த்தார். அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள ஏற்பாடு செய்தார். மொபைல் கிரெஷ் என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. குழந்தை பக்கத்தில் இருந்தால் தாய் நடுவில் வந்து பால் கொடுப்பார். புட்டிப் பேச்சே எழாது.

பெங்களூர்த் தாயின் தொழிற்சாலையில் பாலூட்டும் இடைவேளையை யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவருக்கு எழுதத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மற்றவர்களும் அதைப் பார்த்து எழுதிக் கொள்ளலாம்.

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் குழந்தைக்கு 4 மாதம் ஆகிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன். பேறுகால நலன் பற்றிய சட்டப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். அதைக் காலை 11 மணிக்கும் மாலை 3.30 மணிக்கும் தரும்படி கேட்டுக் கொள்கிறேன். பால் எடுக்க மறைவான ஓர் இடமும் ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,

இதற்குக் கீழே பெயர், பிரிவு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தாள்களில் எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக் கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.